சேனை பூத்தா ஆகாதாம், ஜீப்புல தொங்கினா ஆகுமாம்!

டிஸ்கி: இது தோட்டப் பதிவு மாதிரி ஆரம்பிச்சு சண்டைப் பதிவா முடியும். பூ படம் பாக்கலாம்னு வந்தவங்க மன்னிக்கணும். படம் எடுக்குறதுக்குள்ள பூவே போயிருச்சு. அது எப்படிப் போச்சுங்கறதுதான் மேட்டரே.

மக்களே,

எனக்கு ஒரு கோளாறு உண்டு. ரோசா, மல்லி, செம்பருத்தி எல்லாம் அழகுதான், இல்லேங்கல. ஆனா அதையெல்லாம் பாத்தா எனக்கு ஒண்ணும் தோணாது. பாத்த ஒடனே "ஆத்தாடி, என்னாது இது!"ன்னு ஒரு அடி பின்னால வைக்க வைக்குதே, அந்த மாதிரிப் பூதான் நமக்கு ஒத்து வரும். போடியில எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்குறது ஒண்ணே முக்கால் சென்டு இடம். அதுல தங்கமணியோட கறிவேப்பிலை, முருங்கை போக மிச்சம் இருக்குற மூலையில என்னோட பேய்க் கூட்டம் குடியிருக்கு. தங்கமணி அதுக்கு வச்சிருக்குற பேரு "சுடுகாட்டு மூலை".

அந்த மூலையில நாலஞ்சு வருசத்துக்கு முன்னாடி, பொங்கலுக்கு வாங்கின சேனைக்கிழங்குல மொளை விட்ட ஒரு துண்டைப் பொதைச்சு வச்சேன். வருசா வருசம் கோடை மழைக்கு ஒரு குடை விரியும். தண்டு மாதிரி நிக்கிறது, மேல விரியறது, எல்லாம் சேர்த்து அது ஒரே ஒரு இலைதான், தெரியுமோ? மார்கழி வாக்குல மஞ்சளாகி விழுந்துரும். கிழங்கு மட்டும் அடியில பெருத்துக்கிட்டே இருக்கும்.

இந்தத் தடவை சித்திரைக் கடைசியில ரெண்டு நல்ல மழை. இலை வரலை. அதுக்குப் பதிலா மண்ணைப் பொளந்துக்கிட்டு கருஞ்செவப்புல ஒண்ணு வந்துச்சு பாருங்க! சுத்தி பாவாடை கணக்கா மடிப்பு மடிப்பா ஒரு மடல். நடுவுல ஆட்டு மூளையைச் சாயத்துல முக்கி எடுத்த மாதிரி சுருக்கம் விழுந்த ஒரு உருண்டை. தண்டு கிண்டு எதுவும் கெடையாது, தரையிலேருந்து நேரா பூ. வாசம்? பரண் மேல எலி செத்து மூணு நாள் ஆனா எப்படி இருக்கும், அப்படி.

நான் சந்தோசத்துல குதிக்கிறேன். தங்கமணி மூக்கைப் பொத்திக்கிட்டு என்னையும் பூவையும் மாறி மாறிப் பாக்குறா.

அந்த நாத்தம் சும்மா வரலை. சேனைப் பூவுக்குத் தேனீ வேணாம். செத்ததைத் தேடிப் போற வண்டும் ஈயும்தான் வேணும். அதுக்குத்தான் பொணம் மாதிரி வேசம் போடுது. நிறமும் அழுகின கறி நிறம். போதாக்குறைக்கு வாசம் நல்லாப் பரவணும்னு அந்த உருண்டை சூடு வேற ஆகும். அடியில இருக்குற பெண் பூக்கள் முதல்ல தயாராகும், அதுக்கு மேல இருக்குற ஆண் பூக்கள் மறுநாள்தான் மகரந்தம் விடும். வேற பூவுலேருந்து தூள் பூசிக்கிட்டு வர்ற வண்டு இங்க முதல் நாள் விழுந்து, மறுநாள் இங்கத்தத் தூளைப் பூசிக்கிட்டுக் கெளம்பும். நாத்தம் ரெண்டு நாளைக்குத்தான். அவ்வளவு கணக்கு அந்தப் பூவுக்குள்ள.

இதோட ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் இருக்காரு, சுமத்ராக் காட்டு ராட்சசச் சேனை. ஆளு ஒசரத்தைத் தாண்டிப் பூக்கும். 1889-ல லண்டன் கியூ தோட்டத்துல பூத்ததுதான் சுமத்ராவுக்கு வெளியில முதல் தடவை. 2025 ஜனவரியில சிட்னி தாவரவியல் பூங்காவுல ஒண்ணு பூத்துச்சு. "புட்ரீசியா"ன்னு செல்லப்பேரு வச்சு, ஆயிரக்கணக்கான பேரு வரிசையில நின்னு, முறை வச்சு மோந்து பாத்துட்டுப் போனாங்க. வர முடியாதவங்க வீட்டுல உக்காந்து நேரலையில பாத்தாங்க. அங்க நாத்தம் புடிக்க வரிசை. இங்க?

இங்க மூணாம் நாள் மண்வெட்டி.

கொசுவத்தியைச் சுத்திக்குங்க. எதுத்த வீட்டு மதினி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போறவங்க. வெடியறதுக்கு முன்னாடி தூக்குவாளியோட தெருமுனையில நிப்பாங்க. ஜீப்பு வரும். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, போடிமெட்டு வழியா மேல. சாயங்காலம் அதே ஜீப்புல எறக்கம். எங்க தெருவுல பாதி வீட்டுப் பொம்பளைங்க இப்படித்தான். இருபது வருசமா மதினிக்கு இதான் பொழப்பு.

பூ பூத்த மொத நாளே வந்து எட்டிப் பாத்தாங்க. "தம்பி, எலி ஏதும் செத்துக் கெடக்கா?"ன்னு கேட்டாங்க. பூவைக் காமிச்சேன். மூஞ்சி மாறிருச்சு. "சேனை பூக்கக் கூடாது தம்பி. வீட்டுக்கு ஆகாது. எதுத்த வீட்டுக்கும் ஆகாது"ன்னாங்க. சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

ரெண்டாம் நாள் மேலேருந்து எறங்கி வந்த ஜீப்பு ஒரு வளைவுல சாஞ்சிருச்சு. பள்ளத்துல விழலை, ஓரச்சுவரு தடுத்துச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்லை. மதினிக்கு வலது கால் எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு. மூணாம் நாள் நான் வேலைக்குப் போயிருந்தப்போ, அவங்க மகன் பின்வாசல் வழியா வந்து பூவையும் கிழங்கையும் தோண்டிக் கொண்டுபோய் வாய்க்கால்ல எறிஞ்சுட்டான். தங்கமணி தடுக்கலை. "அந்தப் புள்ளை அழுதுகிட்டே வந்து கேட்டான், நான் என்னத்தச் சொல்ல?"ன்னா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கால்ல கட்டோட படுத்திருக்குறவங்க கிட்ட நியாயம் கேக்கப் போனேன். வெக்கக்கேடுதான், ஒத்துக்கறேன்.

"மதினி, ஜீப்புல எத்தனை பேரு இருந்தீங்க?"

"பதினேழோ பதினெட்டோ இருக்கும் தம்பி."

"அது எத்தனை பேரு போற வண்டி?"

"அதென்ன தம்பி, எப்பவும் போறதுதான?"

எப்பவும் போறதுதான! இந்த ஒரு வார்த்தைதான் ராத்திரி தூங்க விடலை. ரெண்டு நாள் நாறிட்டு வாடிப்போற பூ அபசகுனம். வருசம் முழுக்க, கதவுல ரெண்டு பேரு தொங்க, மடியில ரெண்டு பேரு உக்கார, மூடுபனியில வளைவு ஏறுற ஜீப்பு சகுனத்துல சேராது. ஏன்னா அது தெனமும் நடக்குது. தெனமும் நடக்குறது பயம் காட்டாது. எப்பவாவது நடக்குறதுதான் பயம் காட்டும்.

இன்னொண்ணும் அதே மலையில தெனமும் நடக்குது. ஏலப் பூ பாத்திருக்கீங்களா? செடியோட உச்சியில இருக்காது, அடித்தூர்லேருந்து தரையோட தரையா சரம் ஓடும். அதுல வெள்ளையா ஒரு பூ. உதட்டுல ஊதாவும் செவப்புமா நரம்பு கீறினது மாதிரி கோடு. உத்துப் பாத்தா அதுவும் லேசா அமானுஷ்யம்தான். ஒரு நாள்தான் ஆயுசு. அன்னைக்குத் தேனீ வந்து தொட்டாக் காய், இல்லாட்டி உதிர்ந்துரும். நாம என்ன பண்றோம்? பேனுக்கு ஒரு மருந்து, தண்டு துளைப்பானுக்கு ஒரு மருந்துன்னு அடிச்சுக்கிட்டே இருக்கோம். கையுறை கிடையாது, மூஞ்சிக்கு ஒரு துண்டு. அடிச்ச கையோட சோத்துப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். காசர்கோட்டு முந்திரித் தோட்டத்துல எண்டோசல்பான் என்ன செஞ்சுச்சுன்னு ஊரே பாத்துச்சு. 2011-ல உச்ச நீதிமன்றமே தடை போட்டுச்சு. அந்த டப்பாவை யாராவது "வீட்டுக்கு ஆகாது"ன்னு சொல்லி வாய்க்கால்ல எறிஞ்சாங்களா? டப்பாவைக் கழுவித் தண்ணி மொள்ள வச்சுக்கிட்டவங்களை நானே பாத்திருக்கேன்.

(நான் ஏலக்காய் மண்டியில கணக்கு எழுதுறவன். இந்தக் காயோட காசுலதான் என் வீட்டு அரிசி. அதனால இதை ஒசரத்துல நின்னுகிட்டுச் சொல்லலை, உள்ள நின்னுகிட்டுத்தான் சொல்றேன்.)

சரி, இந்தச் சகுனத்துக்காவது ஒரு நியாயம் இருக்கான்னா, அதுவும் இல்லை. இதே தெருவுல மூணு வீட்டுல "பிரம்ம கமலம்" இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல விரியும், காலையில தொங்கிப் போகும். பூக்குற அன்னைக்கு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, சூடம் ஏத்தி, தேங்கா உடைச்சு, ஒரே கும்பிடு. அது மெக்சிகோ, நடு அமெரிக்கா பக்கத்துக் கள்ளி, ஐயா! ராத்திரியில பறக்குற ஜீவனுக்காக வெள்ளையா விரியுது. நெசமான பிரம்ம கமலம் இமயமலை உச்சியில இருக்கு, உத்தராகண்டோட மாநிலப் பூ. அது இந்த வெயில்ல ஒரு வாரம் கூடத் தாங்காது.

நாகலிங்கம்? சிவன் கோயில்ல அடிமரத்துலேருந்தே கொத்துக் கொத்தா தொங்கும். படமெடுத்த பாம்பு லிங்கத்துக்குக் குடை புடிச்ச மாதிரி. கையில எடுத்துப் பாத்தா எனக்கு இன்னும் சிலிர்க்கும். அதோட தாய் வீடு தென்னமெரிக்கா. பீரங்கிக் குண்டு மாதிரிக் காய் விழுந்து ஒடைஞ்சா நாத்தம் கொடலைப் புடுங்கும். அது தெய்வீகம். ஊமத்தை முச்சூடும் விஷம், அது சிவனுக்கு உகந்தது. நம்ம மண்ணுல வெளைஞ்சு, நம்ம கொழம்புல கொதிக்கிற சேனை பூத்தா மட்டும் மூதேவி. இது சகுனம் இல்லைங்க, பழக்கதோசம். பாம்பு மாதிரி இருந்தா சாமி, பொணம் மாதிரி இருந்தா பேய்னு யாரோ என்னைக்கோ சொன்னதைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கோம்.

நிற்க.

இவ்வளவு நேரம் எதுத்த வீட்டைத் திட்டினேன்ல, இப்ப நம்ம கட்சிக்கு வர்றேன். அதாவது, என்னை மாதிரி "வித்தியாசமான" பூவுக்கு அலையிற ஆளுங்க. நம்ம பதிவர் கூட்டத்துலயே ஏழெட்டுப் பேரு இருக்கீங்க, ஒளியாதீங்க.

முதல் குத்தவாளி நானே. "குரங்கு மூஞ்சி ஆர்க்கிட்" விதைன்னு இணையத்துல ஒரு படம். குரங்கு அப்படியே நம்மளப் பாக்குற மாதிரி. குரங்கணி அடிவாரத்துக்காரன் வீட்டுல குரங்குப் பூ இல்லாட்டி எப்படின்னு காசைக் கட்டினேன். நூறு விதை வந்துச்சு. வெதைச்சேன், தண்ணி தெளிச்சேன், வலை கட்டினேன், தங்கமணியைக் கிட்ட விடலை. பத்து நாள்ல மொளைச்சுச்சு. ஒரு மாசத்துல தெரிஞ்சுபோச்சு, அரைக்கீரை. அவ்வ்வ்வ்! பூண்டு போட்டுக் கடைஞ்சு சாப்பிட்டோம், நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் படிச்சேன்: ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்குமாம், எண்ணிப் போட முடியாதாம், கூட ஒரு பூஞ்சை துணைக்கு இல்லாட்டி மொளைக்காதாம். அந்தக் குரங்குப் பூ ஈக்வடார், பெரு மலைகள்ல மேகம் தவழுற காட்டுல வளர்றது. போடி வெயிலுக்கு அது விதையாவே கருகிரும்.

அடுத்து வௌவால் பூ. கருப்பா ரெண்டு றெக்கை, ஒரு அடி நீளத்துக்கு மீசை மீசையா தொங்கும். தென்கிழக்கு ஆசியாவுல மரத்தடி நெழல்ல வளர்றது. அழகுதான், மறுக்கலை. ஒரு வேடிக்கை சொல்லட்டா? சீனாவுல யுன்னான் பக்கம் இதை உக்காந்து கவனிச்சவங்க 2005-ல எழுதினாங்க: இவ்வளவு றெக்கை, மீசை எல்லாம் வச்சுக்கிட்டு, கடைசியில பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே தானே காய்ச்சுக்குதாம். ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டுட்டு வீட்டு ஆளுங்க மட்டும் பந்தியில உக்காந்த கதை!

இதெல்லாம் நம்ம பாக்கெட்டுக்கு நஷ்டம், அவ்வளவுதான். பாக்கெட்டைத் தாண்டி நஷ்டம் வர்றது ஒண்ணு இருக்கு. அதுதான் இந்தப் பதிவோட ரெண்டாவது சண்டை.

பிரேசில்லேருந்து வந்த பெரிய ஆடுதீண்டாப்பாளை வகைக் கொடி ஒண்ணு இப்ப நர்சரிகள்ல கிடைக்குது. கருஞ்செவப்புல வெள்ளை நரம்பு ஓடி, உரிச்ச தோல் மாதிரி, முறத்துல பாதி அகலத்துக்குப் பூ. பாத்தா யாருக்கும் கை அரிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியாக் கதையை ஒரு நிமிசம் கேளுங்க. அங்க ரிச்மண்ட் பறவைச் சிறகன்னு ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி. அது அந்த ஊரு ஆடுதீண்டாப்பாளை இனக் கொடியிலதான் முட்டை போடும். தோட்ட அழகுக்குன்னு தென்னமெரிக்காவுலேருந்து இதே குடும்பத்துக் கொடி ஒண்ணைக் கொண்டுவந்து நட்டாங்க. வாசம் ஒண்ணு போல இருக்க, தாய்ப்பூச்சி ஏமாந்து அதுல முட்டை போட்டுச்சு. பொறிச்ச புழு அந்த இலையைத் தின்னுச்சு, செத்துச்சு. 1990-கள்லேருந்து பள்ளிக்கூடப் புள்ளைங்க வரைக்கும் சேர்ந்து உள்ளூர்க் கொடியை நட்டு நட்டுத்தான் அந்தப் பூச்சியைக் காப்பாத்திக்கிட்டு வர்றாங்க.

நம்ம மலையிலயும் ஒரு பறவைச் சிறகன் உண்டு. கருப்பும் மஞ்சளுமா உள்ளங்கைக்கும் பெருசு, தென்னிந்தியாவுலயே பெரிய வண்ணத்துப்பூச்சி. மழைக்கு அப்புறம் குரங்கணி ரோட்டுல பறந்தா குருவின்னுதான் நெனைப்பீங்க. அதோட புழுவுக்கும் சாப்பாடு ஈஸ்வரமூலி மாதிரி இந்தக் குடும்பத்துக் கொடிங்கதான். ஆஸ்திரேலியாக்காரன் பட்ட பாடு கண்ணு முன்னாடி இருக்குறப்போ, அந்தக் கண்ணியை நம்ம வேலியில கட்டிப் பாக்கணுமா?

"ஒரு செடியில என்னங்க ஆயிரப்போகுது?"ன்னு கேப்பீங்க. உண்ணிச்செடியும் ஒரு செடியாத்தான் வந்துச்சு. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல வெள்ளைக்காரன் அழகுக்குன்னு கல்கத்தா தாவரவியல் தோட்டத்துல வச்சான். இன்னைக்கு முந்தல்லேருந்து நடந்து பாருங்க, ரெண்டு பக்கமும் புதரு புதரா அதுதான். ஆட்டுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது, வெயில் காலத்துல தீக்கு மட்டும் வெறகு. ஆகாயத்தாமரையும் அழகுப் பூவாத்தான் வந்துச்சு. கண்மாயைப் பாத்தா தெரியும்.

வெளியூருச் செடியே வேணாம்னு சொல்றேனா? இல்லை. மேல சொன்ன நாகலிங்கம் வந்த செடிதான், ஒரு காட்டையும் அது முழுங்கலை. மூணாறு, கொடைக்கானல் வேலியில தலைகீழா மணி மணியாத் தொங்குமே பெரிய ஊமத்தை, பனியில பாத்தா வெள்ளைப் பொடவை காயப் போட்ட மாதிரி, அதுவும் வந்ததுதான். தென்னமெரிக்காவுல அதோட பிறந்த காட்டுலயே அது இப்ப இல்லை, மனுசன் தோட்டத்துல மட்டும்தான் உசுரோட இருக்கு. கேள்வி எந்த ஊருங்கறது இல்லை. வேலி தாண்டுமா, யார் வயித்துல அடிக்கும்ங்கறதுதான்.

மூணாவது கூட்டம் ஒண்ணு இருக்கு. "காசே வேணாம், மலையில போயி புடுங்கிக்கிட்டு வந்துருவேன்"னு சொல்றவங்க. மழைக்காலத்துல சோலைக்குள்ள நாகப்பாம்பு படமெடுத்த மாதிரிப் பச்சையா ஒரு பூ வருமே, அதைத் தூரோட பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டு வர்றாங்க. அந்தச் செடி சின்னதா இருக்கும்போது ஆணு, கிழங்கு பெருத்தா பொண்ணு. நீங்க பெருசாப் பாத்துப் பிடுங்குறது பூராவும் விதை போட வேண்டிய பொண்ணு. கீழ கொண்டாந்து வச்சா வெயில்ல ஒரு மாசம், அவ்வளவுதான். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் மதிகெட்டான் சோலை இருக்கு, 2003-ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. உள்ள போனவன் மதிகெட்டு வழி மறந்துருவான்னுதான் அந்தப் பேரு. நெசமாவே மதிகெட்டவன்தான் அங்க போயி செடி பிடுங்குவான். பிடிபட்டா கேசு வேற.

சரி, அதுவும் கூடாது இதுவும் கூடாதுன்னா என்னத்தைத்தான் வளர்க்குறது? சொல்றேன்.

ஒண்ணு, கள்ளிமுளையான். போடியைச் சுத்தி இருக்குற கரட்டுல, முள்ளுப் புதருக்கு அடியில விரல் விரலா நிக்கும். இதுல ஒரு வகை உச்சியில உருண்டையாப் பூக்கும், ரத்தம் கட்டின நிறத்துல நட்சத்திரம் நட்சத்திரமா. கிட்டப் போனா லேசா அழுகின வாடை, ஈ மொய்க்கும். தென்னாப்பிரிக்கா நட்சத்திரக் கள்ளிக்கு ஆயிரக்கணக்குல காசு குடுக்குறீங்களே, அதோட பங்காளி இது. எங்க அப்பத்தா இதைப் புளி, மிளகா வச்சுத் துவையல் அரைக்கும், லேசாக் கசக்கும். பஞ்ச காலத்துல பசி தாங்க மென்னுக்கிட்டே நடப்பாங்களாம். அதையே இப்போ மாத்திரையில அடைச்சு, உடம்பு குறைக்கிற சரக்குன்னு வெளிநாட்டுல விக்கிறான். தெரிஞ்ச வீட்டுல ஒரு கிள்ளு வாங்குங்க. வெட்டுவாய் காய நாலஞ்சு நாள் நெழல்ல போடுங்க. மணலும் பொடிக்கல்லும் கலந்து வைங்க. தண்ணியை மறந்துருங்க, அதுதான் அதுக்குச் செய்யற உபகாரம்.

ரெண்டு, செங்காந்தள். நம்ம மாநிலப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல பூக்களை அடுக்கும்போது முதல்ல வச்சது காந்தளைத்தான். தீ எரியற மாதிரி இதழ் மேல பாத்து நிக்கும், இலை நுனியே சுருண்டு கொம்பைப் புடிச்சுக்கும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்குல போடுறாங்க, அதுலேருந்துதான் கீல்வாதத்துக்குக் குடுக்குற கோல்சிசின். ஆனா இங்க நான் மதினி கட்சி: பயப்படுங்க. கிழங்கு உசுரை எடுக்கும். நடக்குற வயசுப் புள்ளை இருக்குற வீட்டுல வைக்காதீங்க. நான் வேலிக்கு அந்தப் பக்கம், கம்பி போட்டு வச்சிருக்கேன், தொட்டா கையைக் கழுவுறேன். "அப்ப விஷச்செடி எதுக்குய்யா?"ன்னா, வாசல்ல நிக்கிற அரளி என்ன அமுதமா? அதோட இருந்து பழகிட்டோம், அதனால கண்ணுக்குத் தெரியலை.

மூணு, ஈஸ்வரமூலி. பூ சின்னது, புனல் மாதிரி. உள்ள போன ஈயை வெளிய விடாம முடி தடுக்கும். மகரந்தம் பூசின அப்புறம் முடி வாடி, கதவு தொறக்கும். குட்டி ஜெயில். மருந்துன்னு யாரும் கஷாயம் வச்சுக் குடிச்சுறாதீங்க. 1990-கள் தொடக்கத்துல பெல்ஜியத்துல ஒடம்பு இளைக்கக் குடுத்த மூலிகையில இந்தக் குடும்பத்துச் செடி கலந்து, சுமார் நூறு பேருக்கு சிறுநீரகம் கெட்டுப் போச்சு. கொடி புழுவுக்கு, நமக்கு இல்லை. ஒரு நாள் கருப்பா முள்ளு முள்ளாப் புழு வந்து மொட்டையடிச்சுட்டுப் போகும். மருந்து அடிக்காதீங்க. அதுக்குத்தான் அது இருக்கு.

நாலு, சேனை.

சேனைக்கு வந்தா மறுபடி மதினிக்குத்தான் வரணும். அன்னைக்கு எனக்கு அவங்க மேல கோவம். இப்ப வேற மாதிரித் தோணுது. அவங்க ஜீப்பை என்ன பண்ண முடியும்? அதுல ஏறலைன்னா அன்னைக்குக் கூலி இல்லை. "பதினஞ்சாவது ஆளா ஏற மாட்டேன்"னு சொன்னா பதினாறாவது ஆள் ஏறிக்கும். மருந்து அடிக்காதேன்னு யாருகிட்டப் போயிச் சொல்ல? அவங்க கைக்கு எட்டின ஒரே பேய் என் பூதான். பிடுங்க முடிஞ்சதைப் பிடுங்கிட்டாங்க. அந்தப் பையன் அழுதுகிட்டே தோண்டினான்னா, அது பூவைத் தோண்டினது இல்லை.

அதனால மூடநம்பிக்கைன்னு அவங்களைச் சிரிக்கிறதுக்கு முன்னாடி, ஜீப்புக்கு ஆள் கணக்குப் போட வேண்டியவங்க, மருந்துக்குக் கையுறை குடுக்க வேண்டியவங்க, கிலோவுக்கு என்ன விலைன்னு மட்டும் கணக்கு எழுதுற என்னை மாதிரி ஆளுங்க, நாம முதல்ல வெக்கப்படணும். போன வாரம் மண்டியில இதை வாயைத் தொறந்து சொன்னேன். "பூ வளர்க்குறவன் பூவைப் பாரு"ன்னு ஒருத்தர் சொன்னாரு. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

சேனைக்கிழங்கைத் தோண்டினா, ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற குட்டி மொளை ஒண்ணு ரெண்டு மண்ணுலயே தங்கிரும். மழைக்கு அதுல ஒண்ணு தலை நீட்டியிருக்கு. சாண் ஒசரத்துக்கு ஒரு குடை. மதினிக்குக் கட்டு பிரிச்சாச்சு, தடி ஊனி வாசல் வரைக்கும் வர்றாங்க. நேத்து அதைப் பாத்தாங்க. நானும் பாத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. இது பூக்க இன்னும் மூணு நாலு வருசம் ஆகும். அதுக்குள்ள ஜீப்புல தலைக்கணக்கு கொறைஞ்சிருந்தா, பூ பூக்குற அன்னைக்கு முதல்ல அவங்களைத்தான் கூப்பிட்டுக் காட்டுவேன். மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து பாக்கட்டும்.

சண்டை போடணும்னா போடுங்க, காத்திருக்கேன். குரங்குப் பூ விதை வேணும்னு மட்டும் யாரும் கேட்டுறாதீங்க. கீரை தீந்து போச்சு.